நூற்றிருபது முழக் கோபுரம் எங்கிருந்து வந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எருசலேமில் சாலொமோன் கட்டிய ஆலயத்தைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையையும், அதனுடன் அரைப் பக்க அளவில் அச்சிடப்பட்டிருந்த வண்ணப் படத்தையும் ஆவலோடு பார்த்தேன். கட்டுரையின் நடையில் எனக்குக் குறை ஏதும் இல்லை. ஆனால் படத்தில் ஆலயத்தின் முகப்பில் 180 அடி உயரத்துக்கு ஒரு கோபுரம் நிற்கிறது. பக்கத்து மாடிகளின் சுவருக்கு வெளியே வரிசையாக ஒட்டுச்சுவர்கள் நிற்கின்றன. மேல்மாடிக்கு ஒரு சுழற்படி ஏறுகிறது. இம்மூன்றும் மொழிபெயர்ப்பில் உள்ள சொற்களை அப்படியே கட்டட அளவாக எடுத்துக்கொண்டதால் வந்தவை என்பதையும், மூல எபிரெயத்தைத் திறந்து பார்த்தால் மூன்றுமே ஆட்டம் கண்டுவிடும் என்பதையும் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்பியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் இறையியல் படித்தவன் அல்லன். கட்டட வரைபடம் வரைந்தே பிழைத்து ஓய்வு பெற்றவன். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்காக அந்த ஆலயத்தின் மாதிரி ஒன்றை அட்டையில் செய்து தரும்படி சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் கேட்டார்கள். ஒரு முழத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்று கணக்கு வைத்துக்கொண்டு, தமிழ் வேதாகமத்தின் 1 இராஜாக்கள் 6-ஆம் அதிகாரத்தை மேசையில் விரித்து வைத்து வேலையைத் தொடங்கினேன். நீளம் 60, அகலம் 20, உயரம் 30 என்பதில் சிக்கல் எதுவும் வரவில்லை. ஆலயத்தைச் சுற்றியுள்ள மூன்றடுக்குச் சுற்றுக்கட்டுக்கு வந்தபோதுதான் கை நின்றது. கீழ் அடுக்கின் அகலம் 5 முழம், நடு அடுக்கு 6, மேல் அடுக்கு 7. மேலே போகப் போக அறை அகலமாகிறது. அதே வசனத்தின் இறுதியில், அவை ஆலயத்தின் சுவர்களிலே தாங்காதபடிக்கு வெளிப்புறத்தில் ஒட்டுச்சுவர்கள் கட்டப்பட்டன என்று இருக்கிறது. வேறு வழி தெரியாமல் மேல் மாடிகளை வெளியே பிதுங்க விட்டு, அவற்றுக்கு முட்டுக் கொடுப்பதுபோல் ஒட்டுச்சுவர்களை நிறுத்தினேன். தலைகீழாக வைத்த படிக்கட்டு போல இருந்தது. மேல்மாடி ஏன் விழாமல் நிற்கிறது என்று ஒரு சிறுமி கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

அந்தப் பதிலைத் தேடித்தான் எபிரெய எழுத்துகளைக் கற்கத் தொடங்கினேன். தமிழர்களாகிய நமக்கு எபிரெயம் என்றதும் மயிலைக் குறிக்கும் 'துக்கி' என்ற சொல் நம் 'தோகை'யிலிருந்து போயிற்று என்று கால்டுவெல் காலந்தொட்டுச் சொல்லப்பட்டு வரும் செய்தி ஒன்றுதான் நினைவுக்கு வருகிறது. அதைப் பெருமையாகப் பேசிவிட்டு அந்த மொழியை அத்தோடு விட்டுவிடுகிறோம். உண்மையில், தமிழ் அறிந்த கட்டட வேலைக்காரன் ஒருவனுக்கு அந்த மொழியில் பழகிய இடங்கள் நிறைய உண்டு. ஆலயத்தின் பிரதான மண்டபத்துக்கு எபிரெயத்தில் 'ஹேகால்' என்று பெயர். 'பெரிய வீடு' என்று பொருள்படும் சுமேரியச் சொல் அக்காதிய மொழி வழியாக எபிரெயத்துக்கு வந்து, அரண்மனையையும் ஆலயத்தையும் ஒருசேரக் குறிக்கலாயிற்று. ஆகாப் அரசனின் அரண்மனைக்கும் வேதாகமம் அதே சொல்லையே வழங்குகிறது. சிலப்பதிகாரத்தில் அரசன் இருக்கும் 'கோயிலை'ப் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி ஒட்டுச்சுவருக்கு வருகிறேன். தமிழில் அவ்வாறு பெயர்க்கப்பட்ட எபிரெயச் சொல் 'மிக்ராஓத்'. அதன் வேர்ச்சொல்லுக்குக் குறைத்தல், கழித்தல் என்று பொருள். அதாவது அங்கே எதையும் ஒட்டவில்லை, குறைத்திருக்கிறார்கள். வசனத்தை அதன் சொல்வரிசையிலேயே எடுத்தால், ஆலயத்துக்கு வெளிப்புறம் சுற்றிலும் 'குறைப்புகள்' கொடுத்தான், ஆலயத்தின் சுவர்களைப் பிடிக்காதபடிக்கு என்று வருகிறது. பிடிப்பது எது என்று வசனம் சொல்லவில்லை. உத்தரம் என்று கொத்தனாருக்குச் சொல்லாமலே தெரியும். ஆலயத்தின் சுவர் அடியில் கனமாக எழுந்து, ஒவ்வொரு தளத்திலும் வெளிப்பக்கம் ஒரு முழம் உள்வாங்கிக்கொள்கிறது. உள்வாங்கிய இடத்தில் ஒரு திட்டு கிடைக்கிறது. உத்தரத்தின் முனை அந்தத் திட்டில் அமர்கிறது. சுவரைக் குடைந்து உத்தரத்தைச் செருக வேண்டியதில்லை. சுற்றுக்கட்டின் வெளிச்சுவர் நேராக எழுந்தாலும், ஆலயச் சுவர் முழம் முழமாக ஒதுங்குவதால் அறையின் அகலம் 5, 6, 7 என்று தானாகக் கூடுகிறது. நம் ஊர்ப் பழைய மாடிக் கட்டடங்களிலும் கீழ்த்தளச் சுவரைவிட மேல்தளச் சுவர் கனம் குறைவாக இருப்பதைக் காணலாம். ஒரு சொல்லின் வேரைப் பார்த்ததும் மூன்று எண்களும் வரிசையில் வந்து நின்றன. என் அட்டை மாதிரியின் பிதுக்கமும் மறைந்தது. எசேக்கியேல் 41-ஆம் அதிகாரத்தில் ஆலயச் சுவரின் கனம் 6 முழம் என்று வருவதை இதனோடு சேர்த்துப் பார்த்தால், இருமுறை குறைத்த பின்னும் மேலே 4 முழச் சுவர் மிஞ்சுகிறது. கட்டத் தக்க அளவுதான் அது.

தங்கள் படத்தில் அனைவர் கண்ணிலும் முதலில் படுவது கோபுரம் என்பதால் அதைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். கோபுரம் பார்த்து வளர்ந்த நம் கண்ணுக்கு அது இயல்பாகத்தான் தோன்றும். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு முழம் ஒன்றரை அடி என்று கொண்டால் ஆலயத்தின் உயரம் 45 அடி. முகப்பு மண்டபத்தின் அடித்தளம் 30 அடிக்கு 15 அடி. அந்த 15 அடி ஆழத்தின் மேல் 180 அடி உயரக் கட்டடம் நிற்கிறது. ஆலயத்தைப்போல் நான்கு மடங்கு உயரம். 1 இராஜாக்களில் மண்டபத்துக்கு நீளமும் அகலமும் சொல்லப்பட்டிருக்கின்றன. உயரம் என்று தனியே எதுவும் இல்லை. அது வருவது 2 நாளாகமம் 3:4-இல் மட்டும்: உயரம் நூற்றிருபது.

தமிழில் 'நூற்றிருபது முழம்' என்று படிக்கிறோம். எபிரெயத்தில் அந்த இடத்தில் 'முழம்' என்ற சொல்லே இல்லை. முந்தைய தொடரில் அகலத்தைச் சொல்லும்போது 'முழம் இருபது' என்று தெளிவாக இருக்கிறது. அடுத்து உயரத்தைச் சொல்லும்போது 'நூறும் இருபதும்' என்று மட்டும் நிற்கிறது. எபிரெயத்தில் முழத்துக்கு 'அம்மா' என்று பெயர் (நம் அம்மாவுக்கும் அதற்கும் உறவு தேட வேண்டாம்). ஆலெப், மேம், ஹே என்பன அதன் மூன்று எழுத்துகள். நூறு என்பதற்குச் சொல் 'மேஆ'. மேம், ஆலெப், ஹே. 119-ஆம் சங்கீதத்தின் பகுதித் தலைப்புகளாக இந்த எழுத்துப் பெயர்களை நம்மில் பலர் படித்திருப்போம். முதல் இரண்டு எழுத்துகள் இடம் மாறினால் முழம் நூறாகிவிடுகிறது. 'உயரம் முழம் இருபது' என்று இருந்ததை, பிரதி எடுத்தவர் ஒருவர் 'உயரம் நூறும் இருபதும்' என்று எழுதியிருக்கலாம் என்பது அறிஞர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் விளக்கம். இடையில் 'உம்' என்ற பொருள்தரும் வாவ் எழுத்து ஒன்று கூடுதலாக நிற்கிறது. எழுத்து மாறிய பிறகு தொடர் பொருந்தி வருவதற்காக அது நுழைந்தது என்று கொள்ள வேண்டியிருக்கிறது. கிரேக்க மொழிபெயர்ப்பின் சில கைப்பிரதிகளிலும் சீரிய மொழிக் கைப்பிரதிகளிலும் அந்த இடத்தில் 20 என்றே இருக்கிறது.

இப்படியொரு எழுத்து மாற்றம் கற்பனையில்தானே நடக்கும் என்று கேட்கலாம். நடந்திருக்கிறது, அதற்குச் சாட்சி எபிரெய வேதாகமத்திலேயே இருக்கிறது. எசேக்கியேல் 42:16-இல் ஆலய வளாகத்தின் ஒரு பக்கத்தை அளக்கும் இடத்தில், மூலத்தில் எழுதப்பட்டிருப்பது 'ஐந்து முழங்கள்' என்று பொருள்படும் எழுத்துகள். எபிரெயப் பாடத்தைப் பேணிக் காத்த மசோரெத் அறிஞர்கள் ஓரத்தில் இதை 'ஐந்நூறு' என்று வாசிக்க வேண்டும் என்று குறித்து வைத்தார்கள். அங்கே புரண்டிருப்பவையும் அதே ஆலெபும் அதே மேமும்தான். எழுத்தில் கை வைக்காமல், வாசிப்பை மட்டும் ஓரத்தில் திருத்திய அவர்களது ஒழுக்கம் என்னை ஒவ்வொரு முறையும் வியக்க வைக்கிறது. வரைபடத்தில் ஒரு தவறைக் கண்டால் பழைய கோட்டை அழிக்காமல் பக்கத்தில் குறிப்பு எழுத வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்த மேலாளரையும் நினைத்துக்கொள்கிறேன்.

அதே எசேக்கியேல் பகுதியில் அந்த ஐந்நூறுக்குப் பின் 'கோல்' என்ற அளவு வருகிறது. ஒரு கோல் 6 முழம். ஆகவே 500 கோல் என்றால் ஒரு பக்கம் 3000 முழம். ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர். முந்தைய அதிகாரங்களில் வாசல்களுக்கும் பிராகாரங்களுக்கும் தந்திருக்கும் அளவுகளைக் கூட்டினால் வருவதோ 500 முழம். 45-ஆம் அதிகாரமும் ஐந்நூற்றுக்கு ஐந்நூறு என்றே சொல்கிறது. எந்த அளவுகோலால் அளந்தார்கள் என்பதற்கு இட்ட சொல் எதை அளந்தார்கள் என்பதற்குள் புகுந்துவிட்டது என்றே நான் நினைக்கிறேன்.

சுழற்படிக்கு வருகிறேன். 1 இராஜாக்கள் 6:8-இல் வரும் 'லூலிம்' என்ற சொல் எபிரெய வேதாகமம் முழுவதிலும் அந்த ஓர் இடத்தில்தான் வருகிறது. ஒருமுறை மட்டும் வரும் சொல்லுக்குப் பொருள் சொல்வது எவ்வளவு கடினம் என்பது சங்க இலக்கியத்துக்கு உரை எழுதியவர்களுக்குத் தெரியும். பண்டைக் கிரேக்க மொழிபெயர்ப்பு 'சுற்றி ஏறும் வழி' என்று கொண்டது; இலத்தீன் அதையே பின்பற்றியது; தமிழிலும் 'சுழற்படி' ஆயிற்று. ஆனால் கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னாவில், இரண்டாம் ஆலயத்தின் அளவுகளைச் சொல்லும் 'மித்தோத்' என்னும் பகுதியில், இதே 'லூல்' மேல்தளத்தின் தரையில் விடப்பட்ட துளையைக் குறிக்கிறது. மகா பரிசுத்த ஸ்தலத்தில் பழுதுபார்க்க வேண்டிய வேலைக்காரர்கள் அங்கே கண்ணை அலையவிடாதபடிக்கு, அவர்களைப் பெட்டிகளில் வைத்து அந்தத் துளைகள் வழியே கீழே இறக்குவார்களாம். இன்றைய எபிரெயத்தில் அதே சொல் கோழிக்கூண்டுக்கு வழங்குகிறது. தளத்துக்குத் தளம் ஒரு துளை, அதில் ஓர் ஏணி. ஐந்து முழ அகல அறைக்குச் சுழற்படியைவிட இது பொருந்துகிறது. ஆயினும் இது என் கருத்தே. அறுதியிட்டுச் சொல்ல அந்த ஒற்றைச் சொல் இடம் தரவில்லை.

அதே வசனத்தில் மற்றொரு நெருடலும் உண்டு. 'நடு' அறையின் வாசல் ஆலயத்தின் வலதுபுறத்தில் இருந்தது, அங்கிருந்து நடு அறைக்கு ஏறினார்கள் என்று எபிரெய மூலம் சொல்கிறது. நடு அறையில் நின்றுகொண்டு நடு அறைக்கு எப்படி ஏறுவது? கிரேக்கமும் அரமேயமும் முதலில் வருவதைக் 'கீழ்' அறை என்றே பெயர்த்திருக்கின்றன. எபிரெயத்தில் நடு என்பதற்கும் கீழ் என்பதற்கும் உள்ள சொற்கள் எழுத்தளவில் நெருங்கியவை.

அந்த அறைகளைக் குறிக்கும் சொல் 'ட்ஸேலா'. ஆதாமின் விலா எலும்பைக் குறிக்கும் அதே சொல். யாத்திராகமத்தில் உடன்படிக்கைப் பெட்டியின் பக்கத்துக்கும், இந்த அதிகாரத்தில் உட்சுவரைப் போர்த்திய கேதுருப் பலகைக்கும்கூட அதுவே வழங்குகிறது. விலா என்றால் எலும்பும் ஆகும், பக்கமும் ஆகும் என்று தமிழில் நாம் எளிதாகச் சொல்லிவிடலாம். வேறு மொழிபெயர்ப்பாளர்கள் அறை, பலகை, பக்கம் என்று மூன்று சொற்களைத் தேடிப் போனார்கள். வடமேற்குச் சிரியாவில் உள்ள ஐன் தாரா ஆலயத்தின் மூன்று பக்கங்களிலும் ஒட்டி ஓடும் சுற்றுக்கட்டு அகழாய்வில் வெளிப்பட்ட பிறகு, விலா எலும்புகள்போல் ஓர் உடலைத் தழுவி நிற்கும் அறைகள் எப்படி இருக்கும் என்பதை ஓரளவு கண்ணால் காண முடிந்தது. அந்த ஆலயமும் 2018 ஜனவரியில் வான்தாக்குதலில் பெரிதும் சிதைந்துவிட்டது.

கட்டுரையாளர் சன்னல்களை 'ஒடுக்கமானவை' என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட்டார். எபிரெயத்தில் அங்கே 'ஷெகுஃபிம்', 'அதுமிம்' என்று இரண்டு அடைமொழிகள் இருக்கின்றன. இரண்டாவதற்கு அடைபட்டவை என்று பொருள். முதலாவதன் வேர், வாசலின் மேல்நிலையைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புடையது. எருசலேமுக்குத் தென்மேற்கே ஏலா பள்ளத்தாக்கிலுள்ள கிர்பெத் கெயாஃபா என்னும் இடத்தில், எருசலேம் எபிரெயப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோசேப் கார்ஃபிங்கெல் நடத்திய அகழாய்வில் கிடைத்த சிறிய கல் ஆலய மாதிரி ஒன்று 2012-இல் வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டது. கி.மு. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த அதன் உயரம் ஒரு முழத்துக்கும் குறைவு. அதன் வாசலில் நிலைக்குள் நிலை, அதற்குள் மற்றொரு நிலை என்று மூன்று அடுக்காக உள்வாங்கிச் செதுக்கியிருக்கிறார்கள். இதைக் கொண்டு, ஷெகுஃபிம் என்பது இப்படி அடுக்கடுக்காக உள்வாங்கிய நிலைகளையே குறிக்கிறது என்றும், பலரும் 'ஐந்தில் ஒரு பங்கு' என்று பெயர்த்த வாசல் அளவு ஐந்தடுக்கு நிலையைத்தான் சொல்கிறது என்றும் அவர் வாதிடுகிறார். எல்லா அறிஞர்களும் இதை ஏற்கவில்லை. எனினும் சொல்லுக்குப் பொருள் அகராதியில் மட்டும் இல்லை, மண்ணுக்குள்ளும் இருக்கலாம் என்பதால் இதை விரும்பிப் படித்தேன்.

கட்டுரையின் ஒரு பெட்டிச் செய்தியை மட்டும் நான் மறுத்தே ஆக வேண்டும். வெண்கலக் கடல் தொட்டியின் குறுக்களவு 10 முழம், சுற்றளவு 30 முழம் என்று இருப்பதையும், 'நூல்' என்ற சொல் எழுத்தில் ஒரு விதமாகவும் வாசிப்பில் வேறு விதமாகவும் இருப்பதையும் எடுத்து, எழுத்துகளின் எண்மதிப்பு 111-ஐ 106-ஆல் வகுத்து மூன்றால் பெருக்கினால் 3.1415 வருகிறது, எனவே இது மறைத்து வைத்த கணிதம் என்று எழுதியிருக்கிறார். வாட்ஸாப்பில் எனக்கும் பத்து முறை வந்த செய்திதான். கணக்கு சரியாகவே வருகிறது. ஆனால் அதே சொல் அதே எழுத்து வேறுபாட்டோடு எரேமியா 31-இலும் சகரியா 1-இலும் வருகிறது. அங்கே வட்டமும் இல்லை, தொட்டியும் இல்லை, நகரத்தின் மேல் பிடிக்கும் அளவுநூல்தான் இருக்கிறது. எழுத்தை எண்ணாகக் கொள்ளும் வழக்கமும் எபிரெயரிடம் பிற்காலத்தில் வந்ததே. தொட்டியின் கனம் நாலு விரற்கடை என்று மூன்று வசனம் தள்ளிச் சொல்லியிருப்பதைக் கொண்டு, குறுக்களவை வெளிவிளிம்பிலும் சுற்றளவை உள்விளிம்பிலும் எடுத்தார்கள் என்று பழைய யூதக் கணித நூலார் சொன்ன விளக்கம் எவ்வளவோ மேல். நாலு விரற்கடை ஒரு கைம்மட்டம், முழத்துக்கு 6 கைம்மட்டம் என்று வைத்து நானும் போட்டுப் பார்த்தேன், 30.37 முழம் வந்தது. வார்ப்புத் தொழிலாளி 30 என்று சொல்லியிருப்பார்.

முழம் எவ்வளவு என்பதையும் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும். பூக்காரியின் முழமும் துணிக்கடை முழமும் ஒன்றல்ல என்பது நமக்குத் தெரியும். எருசலேமின் சீலோவாம் சுரங்க வாய்க்காலில் 1880-இல் கண்டெடுத்த கல்வெட்டு அதன் நீளத்தை 1200 முழம் என்கிறது. சுரங்கம் 533 மீட்டர். வகுத்தால் முழம் 44 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். 1200 என்பது முழு எண்ணாக்கிச் சொன்னது என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். எசேக்கியேலின் முழமோ ஒரு கைம்மட்டம் கூடுதல். 2 நாளாகமமும் 'முந்தின அளவின்படி' என்று எச்சரித்துவிட்டே எண்ணைத் தருகிறது. எந்த முழம் என்பதைப் பொறுத்து 60 முழ ஆலயம் ஏறத்தாழ 27 மீட்டரும் ஆகலாம், 31 மீட்டரும் ஆகலாம்.

இவ்வளவும் எழுதியதால் தமிழ் மொழிபெயர்ப்பாளர்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கொள்ளலாகாது. தரங்கம்பாடியில் சீகன்பால்க் பழைய ஏற்பாட்டை ரூத் ஆகமம்வரை பெயர்த்துவிட்டு 1719-இல் காலமானார். ஆலயத்துக்கு முன் வழிபாட்டிடமாக இருந்த ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள் அவர் கையில் உருவாயின, இராஜாக்களின் ஆலயம் அவருக்குப் பின் வந்த சூல்ட்சேயின் கைக்குப் போயிற்று. நம் சபைகளில் இன்றும் வழங்கும் 1871-ஆம் ஆண்டுப் பதிப்பு ஹென்றி பவர் தலைமையிலான குழுவினர் உழைத்துத் திருத்தியது. அவர்களுக்குத் தெரியாத இடத்தில் தெரியாது என்று காட்டும் நேர்மை இருந்தது. கூடாரத்தின் மேல்மூடியான தோல் எந்த விலங்கினுடையது என்று விளங்காதபோது, எபிரெயச் சொல்லையே வைத்துத் 'தகசுத்தோல்' என்றார்கள். மரத்தைச் 'சீத்திம் மரம்' என்றே விட்டார்கள். பண்டைக் கிரேக்க மொழிபெயர்ப்பாளர்களும் ஆலயத்தின் உள்ளறையான 'தெபீர்' என்ற சொல்லைப் பெயர்க்காமல் 'தபீர்' என்று எழுதி நகர்ந்தார்கள். பேசுதல் என்ற வேரோடு அதைச் சேர்த்து 'தெய்வவாக்கு உரைக்கும் இடம்' என்று இலத்தீனில் பெயர்த்தவர் ஜெரோம். அரபு மொழியில் உள்ள இனச்சொல்லைக் கொண்டு அது வெறும் 'பின்கட்டு' என்றுதான் இன்று பலர் கருதுகிறார்கள். எனக்கு இதுவே சரியெனப் படுகிறது: முன்மண்டபம், நடுக்கூடம், பின்கட்டு என்று கொத்தனாரின் வாயில் வரும் சொற்களாக அவை வரிசைப்படுகின்றன.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அந்தப் படத்தை மீண்டும் எங்கேனும் வெளியிடுவதாக இருந்தால், முகப்பு மண்டபத்தின் உயரம் 2 நாளாகமத்தில் மட்டுமே வருகிறது என்பதையும், 20 முழம் என்ற பாடமும் உண்டு என்பதையும் படத்தின் அடியில் ஒரு வரியாகச் சேருங்கள். எந்த முழத்தைக் கொண்டு அடியாக மாற்றினீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள். ஒட்டுச்சுவர்களை எடுத்துவிட்டு, உள்ளே சுவர் படி படியாகக் கனம் குறைவதைக் காட்டும் வெட்டுத் தோற்றம் ஒன்றைப் போட ஓவியர் விரும்பினால், நான் வரைந்து வைத்திருக்கும் படத்தை அனுப்பித் தருகிறேன். பிள்ளைகளுக்காகச் செய்த அட்டை மாதிரியையும் அதன்படி பிரித்துக் கட்டிவிட்டேன். ஒவ்வொரு தளத்திலும் ஒரு சதுரத் துளை மட்டும் வெட்டியிருக்கிறேன். படியா ஏணியா என்று முடிவாகாததால் அதற்குள் இன்னும் எதையும் வைக்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டட வரைவாளர் ஒருவர்,
பாளையங்கோட்டை.